நடுநாயகம்

அந்தப் பெயர் வரவில்லை. மேடைக்கு எதிரே முதல் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாமான் என் காலடியில் ஈரத் துணி மூடிக் கிடக்கிறது. ஆட்கள் கீழே சாப்பாட்டு ஹாலில் இருக்கிறார்கள். இப்போது ரசம் வந்திருக்கும். ரசத்துக்குப் பிறகு பாயசம், பாயசத்துக்குப் பிறகு மோர். மரியதாஸ் மோரை உள்ளங்கையில் வாங்கிக் குடிப்பான், போதும் என்று சொல்லவே மாட்டான். அவன் கை கழுவிவிட்டு மேலே வருவதற்குள் வந்துவிட வேண்டும். வந்துவிடும். எங்கே போய்விடும்? யாரும் தூக்கிக்கொண்டு போகிற பொருளா அது? இத்தனை வருஷமாக என் வாயிலேயே கிடந்த பெயர். மேடை அலங்காரத்தில் நடுவில் நிற்கிற பெரிய சாமானுக்கு நாங்கள் சொல்லும் பெயர், அவ்வளவுதான். மணமக்களின் தலைக்கு மேலே, வாசலில் யார் நுழைந்தாலும் முதலில் கண் போய் நிற்கிற இடத்தில் அது இருக்கும். பக்கத்துச் சரங்கள், வளைவு, விளக்கு, துணி மடிப்பு எல்லாம் அதைப் பார்த்து நிற்பவை. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் எதற்காகத் தொங்குகிறது என்றே தெரியாது. இவ்வளவும் எனக்குத் தெரிகிறது. எப்படிச் செய்வது என்று தெரிகிறது, எதற்கு என்று தெரிகிறது, எந்த உயரத்தில் என்று தெரிகிறது. பெயர் மட்டும் இருந்த இடத்தில், பல் விழுந்த ஈறு மாதிரி, வழவழவென்று ஒன்றுமில்லை. நாக்கு மறுபடியும் மறுபடியும் அங்கேயே போகிறது.

காலையில் தாமரை மொட்டுகளின் இதழை மடித்துக்கொண்டிருந்தபோதே வரவில்லை. அப்போது பயப்படவில்லை, அப்போது அது வேண்டியிருக்கவில்லை. மூங்கில் வட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஓரத்தில் சம்பங்கியைச் சுற்றி, உள்ளே தாமரையை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது விரல்கள் தம் போக்கில் போய்க்கொண்டிருந்தன. விரல்களுக்கு எந்தப் பெயரும் வேண்டாம். வேண்டியதெல்லாம் இப்போதுதான். ஏனென்றால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கீழே கிடக்கும்வரை அது வெறும் சாமான். யாரும் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. ஏணியில் ஏற்றி, கொக்கியில் மாட்டி, அது நேராக நின்ற பிறகு, அதைச் செய்தவன் மேடைக்கு எதிரே நின்று பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் மண்டபத்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு மூச்சு நேரம் யாரும் பேச மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் முதல் சரம் மேலே போகும். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கடை முதலாளி வேலாயுதம் ஏற்படுத்திய வழக்கம் இது. ஏற்றுவதற்கு முன்னால் யாரோ பெயரைச் சொல்லி, அன்றைக்குக் கயிறு அறுந்து சாமான் விழுந்து நொறுங்கியதாம். அவர் சொன்னதுதான், நான் பார்க்கவில்லை. பார்க்காததை இத்தனை நாள் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், மற்றவர்களையும் காப்பாற்ற வைத்திருக்கிறேன். அதனால்தான் இன்றைக்குக் காலையிலிருந்து அந்தச் சொல்லை ஒருவர் வாயிலிருந்தும் கேட்க முடியவில்லை. டெம்போவில் ஏற்றும்போது மீரான், "சாமானை மடியில வச்சுக்கிடுங்க மாமா, ரோடு சரியில்ல" என்றான். இறக்கும்போது மரியதாஸ், "சாமான் பத்திரம், சாமான் பத்திரம்" என்றான். எல்லோரும் ஒழுங்காக இருக்கிறார்கள். நான்தான் அப்படிப் பழக்கினேன்.

மேடையின் ஓரத்தில் செண்பகா நிற்கிறாள். என் மகள். மூன்று நாலு வருஷமாகக் கடையை அவள்தான் பார்க்கிறாள். கல்யாண வீட்டுக்காரர்களிடம் பேசுவது, பூவுக்குச் சொல்லிவைப்பது, ஆட்களை அனுப்புவது எல்லாம் அவள்தான். நடுச் சாமானை மட்டும் நான் செய்கிறேன். போனில் யாரிடமோ ஜெர்பரா பூ இன்னும் வந்து சேரவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டே, இடையில் ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் பார்த்தாள். இல்லை, சாதாரணமாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். போன மாதம் ஆணி அடிக்கிற அந்த, அந்த சுத்தியலை, சுத்தியலை நான் "அந்த அடிக்கிறதை எடு" என்று கேட்டபோது சிரித்தாள். அப்புறம் வண்ணார்பேட்டையில் திரும்ப வேண்டிய இடத்தில் டெம்போவைத் திருப்பாமல் நேராகப் போய்விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "எங்கப்பா போறோம்?" என்றாள். "ஒரு டீ குடிப்போம்னு பாத்தேன்" என்றேன். குடித்தோம். அவள் டீயைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டர் இருக்கிறார், சும்மா ஒரு தரம் காட்டிவிட்டு வருவோம் என்றாள். "எனக்கு என்னட்டி? கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன். "கல்லுக்குத்தான்பா காட்டணும், பேச மாட்டேங்குதுன்னு" என்றாள். வாய்க்கு வாய் பேசுவாள், அவள் அம்மா மாதிரி. இந்தக் கல்யாண வேலை முடியட்டும் என்று தள்ளிவிட்டேன். அந்த வேலைதான் இது, சாயங்காலம் வரவேற்பு. காலையில் குளிக்கும்போது எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். இன்றைக்குச் சரியாகக் கூப்பிட்டுவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை. டாக்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கூப்பிடவில்லை என்றால்… அதற்குமேல் நான் கணக்குப் போடவில்லை. தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டேன்.

என் அண்ணனுக்கு முதலில் மறந்துபோன பெயர் சல்லடை. மாவு மில் வைத்திருந்தான். ஒரு நாள் கையில் அதைப் பிடித்துக்கொண்டே, "இதுக்கு என்னலே பேரு?" என்று என்னிடம் கேட்டான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். மில்லில் மாவு பறந்துகொண்டிருந்தது, அவன் புருவமெல்லாம் வெள்ளை. சல்லடைக்குப் பிறகு எது போயிற்று என்று யாரும் கவனித்து வைக்கவில்லை. பொருள்களின் பெயர்கள் போயின, தெருக்களின் பெயர்கள் போயின. கடைசியில் அவன் மகள் தெய்வானை வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்து முகம் துடைத்துவிடும்போது, என் பக்கம் திரும்பி மெதுவாக, ரகசியம் போல, "இந்தப் பிள்ளை யாரு? நல்ல பிள்ளையா இருக்கு" என்றான். தெய்வானை துடைத்துக்கொண்டே இருந்தாள். துண்டைப் பிழிந்தாள், மறுபடியும் துடைத்தாள். நான் தெருவில் இறங்கி வந்துவிட்டேன். சல்லடைக்கும் தெய்வானைக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அதைத்தான் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. செண்பகா. செண்பகா, செண்பகா. இருக்கிறது. அம்மா பெயர் பிரமு. இருக்கிறது. என் பெயர் குற்றாலிங்கம், மனைவி ஆவுடை. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. இது ஒன்றுதான். வயசாகிறவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று மறக்கும். ஒன்று என்றால் ஒன்றுதானா? சுத்தியல்? சுத்தியல் வந்துவிட்டதே. அன்றைக்கு மட்டும்தான் போயிருந்தது.

ஆவுடைக்குப் போன் போட்டேன். அம்பாசமுத்திரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவள் வாயிலிருந்து எப்படியாவது உருவிவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் சொல்லை வைத்து என்னைக் கேலி செய்பவளே அவள்தான். நான் வீட்டில் கூடத்துக்கு மத்தியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், உட்கார்ந்தாச்சா என்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பாள். வீட்டுக்கு அவ்வளவு முக்கியமானவராம் நான், என்னைச் சுற்றித்தான் அவள் பெருக்க வேண்டுமாம். "என்ன, சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றேன். "நான் வீட்டுக்கு மத்தியில உக்காந்தா நீ என்னமோ சொல்லுவியே, அது என்ன?" என்று கேட்டேன், குரலை விளையாட்டாக வைத்துக்கொண்டு. அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தாள். "ஏத்தியாச்சா?" என்றாள். இல்லை என்றேன். "ஏத்தாம என்னச் சொல்லச் சொல்லுதீங்களே, அறிவிருக்கா? நல்ல நாளும் அதுவுமா. ஏத்திட்டுக் கூப்பிடுங்க, நூறு தரம் சொல்லுதேன்." வைத்துவிட்டாள். கல்யாணமான புதிதில் அந்த வழக்கத்தைச் சிரிப்பாகச் சிரித்தவள். இன்றைக்கு அவள்தான் எல்லோரையும்விடக் கறார். வெளியாட்களுக்கு வழக்கம் கிடையாது, அவர்களிடம் கேட்கலாமே என்று தோன்றியது. மண்டப மேனேஜர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போனார். "சார், இதுக்கு என்ன பேரு தெரியுமா?" என்று துணியை விலக்கிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "டெக்கரேஷன்" என்றார். இது என்ன கேள்வி என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செவுத்துல ஆணி அடிச்சிராதீங்க அண்ணாச்சி" என்று போய்விட்டார். போட்டோக்காரன் சென்டர் பீஸ் என்பான். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் என் ஆட்கள் யாரைக் கூப்பிடுகிறேன் என்று வாசலைப் பார்ப்பார்கள்.

இது முதலில் எங்கள் தொழில் சொல்லே இல்லை. வேலாயுதம் முதலாளியின் தாய்மாமா தங்க வேலை செய்தவர். ஆரத்தில், அட்டிகையில் எல்லாக் கற்களுக்கும் மத்தியில் பெரிதாக ஒரு கல் பதிப்பார்கள், நெஞ்சுக்குழிக்கு நேராக வரும். அந்தக் கல்லுக்கு உள்ள பெயர்தான் இது. முதலாளி அதை மேடைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நான் அதை எங்கெல்லாமோ பார்த்தேன். பேப்பரில் போட்டோவுக்குக் கீழே போடுவார்கள், விழாவில் தலைவர் இப்படி வீற்றிருந்தார் என்று, பக்கத்தில் எல்லோரும் கைகட்டி நிற்க. ஒரு சிவப்புக்கல் என்று பார்த்தால் சிறிய சொல், ஒரு மனுஷன் என்று பார்த்தால் பெரிய சொல். இரண்டிலும் அர்த்தம் ஒன்றுதான். எதைச் சுற்றி மற்றவை இடம் பிடித்துக்கொள்கின்றனவோ அது. பார், அர்த்தத்தைக் கேட்டால் என்னால் இப்படிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று சொல்ல முடிகிறது. பேப்பரை மனசில் விரித்துப் பார்க்கிறேன். போட்டோ தெரிகிறது, மாலை தெரிகிறது, கீழே எழுத்து இருக்கிற இடம் தெரிகிறது, எழுத்து மட்டும் மழையில் நனைந்தது மாதிரி. சரி, எழுத்திலிருந்தே தொடங்குவோம். அ. அம்மி, அணில், அரளி. அரளி இல்லை. ஆ. ஆரம், ஆணி, ஆலவட்டம். இல்லை. இ, ஈ. உ, உச்சி, உருளி. க. கலசம், கண்ணாடி, கதம்பம். கதம்பம் என்றதும் கதம்பத்தின் வாசனை வருகிறது, மரிக்கொழுந்து, அதோடு வேலாயுதம் முதலாளியின் கடை, வாசலில் ஈரச் சாக்கு. போகாதே, அங்கே போகாதே. ச, சரம், சட்டம். த, தட்டு, தலைப்பா, தண்டை. ந. நகம், நண்டு, நரி, நத்தை. இங்கே ஏதோ சூடாக இருக்கிறது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நம் ஊரைக் கடக்கும்போது உடம்புக்குத் தெரியுமே, அந்த மாதிரி. நகம், நரி, நவராத்திரி, நந்தி…

"யப்பா, ஏணி போட்டிரலாமா?"

நந்தி போய்விட்டது. நரியும் போய்விட்டது. செண்பகா பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் மரியதாஸ், மீரான், மற்றவர்கள். வாயில் வெற்றிலையோடு, சாப்பிட்ட நிறைவோடு, சிரித்துக்கொண்டு. "பாயசம் பிரமாதம் அண்ணாச்சி, நீங்க ரெண்டு வாயில எந்திரிச்சிட்டீங்களே" என்றான் மரியதாஸ். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். ஏணியில் இன்னும் அவன்தான் ஏறுகிறான், வேறு யாரையும் விடமாட்டான். நான் சிரித்தேன். கடைசியாக ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தேன். "தாசு, போன மாசம் சங்கரன்கோவில் கல்யாணத்துல நாம ஏத்தினோமே, எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்களே, என்னது அது?" அவன் வாயைத் திறந்தான். வந்துவிட்டது, அவன் நாக்கு அண்ணத்துக்குப் போவதையே பார்த்தேன். பட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். "அண்ணாச்சி, நம்மளையே சோதிக்கீங்க பாத்தீங்களா!" என்று மீரானைப் பார்த்துக் கண்ணடித்தான். "நாப்பது வருஷமா சோதிச்சாலும் தாசு மாட்ட மாட்டான், மாமா" என்றான் மீரான். எல்லோரும் சிரித்தார்கள். செண்பகா சிரிக்கவில்லை.

துணியை எடுத்தார்கள். தாமரை மூச்சு விட்டது மாதிரி வாசனை வந்தது. ஈரத் தாமரை கல்லைப் போலக் கனக்கும், பார்த்தால் தெரியாது. மரியதாஸ் ஏணியில் ஏறினான். இரண்டு பேர் கீழேயிருந்து தாங்கிக் கொடுத்தார்கள். செண்பகா தூக்குக்குண்டு கட்டிய நூலை மேல் குழாயிலிருந்து இறக்கி, நூல் ஆடாமல் நிற்பதற்காகக் காத்திருந்தாள். எனக்குக் கண்மட்டம் போதும், அவளுக்குக் குண்டு வேண்டும். நூல் நின்றது. சாமான் கொக்கியில் விழுந்தது. நேராக நின்றது. நேராகத்தான் நின்றது. வேலை செய்கிற யாருக்கும் தெரியும், நூலுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு இதழ். மண்டபத்தில் சத்தம் அடங்கியது. ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன், சீரியல் விளக்குச் சுருளோடு மீரான், மேலே சாமானை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மரியதாஸ். வழக்கப்படி கூப்பிடும்வரை அவன் கையை எடுக்க மாட்டான். நான் வாயைத் திறந்தேன். திறந்தால் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். எத்தனையோ தரம் நினைக்காமலே வந்திருக்கிறது, தும்மல் மாதிரி. மூச்சு வந்தது. மூச்சுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"இடது பக்கம் சாயுது" என்றேன். "இறக்கு."

மரியதாஸ் நூலைப் பார்த்தான். செண்பகாவைப் பார்த்தான். கொக்கியிலிருந்து எடுத்தான், கீழே கொடுத்தான். நான் குனிந்து, ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு இதழை எடுத்து மறுபடியும் செருகினேன். நகம், நரி, நண்டு. சூடு எந்த இடத்தில் இருந்தது? ந-வா, த-வா? "ஏத்து" என்றேன். ஏற்றினார்கள். மரியதாஸின் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. பாயசம் சாப்பிட்ட வயிறோடு ஏறியிருக்கிறான். நூல் நின்றது, சாமான் நின்றது, எல்லோரும் நின்றார்கள். வெளியே மேளக்காரர்கள் வந்து இறங்குகிற சத்தம். பெண் வீட்டுக்காரர் ஒருவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னுமா முடியல?" என்று செண்பகாவைப் பார்த்துக் கையை விரித்தார். "இந்தா ஆயிட்டு அண்ணாச்சி" என்றாள் அவள், என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். நான் பார்க்கிறேன், அது எவ்வளவு நன்றாக இருக்கிறது. இதை நான் செய்தேன். பிறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் தெரியாமல் நிற்கிற மாதிரி நிற்கிறேன். "இன்னும் கொஞ்சம் வலது. இறக்கி ஏத்து" என்றது ஒரு குரல். என்னுடையதுதான். "அண்ணாச்சி…" என்றான் மரியதாஸ் மேலேயிருந்து. அவ்வளவுதான் சொன்னான். கோபம் இல்லை, கெஞ்சல் மாதிரிகூட இல்லை. அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நரம்பு புடைத்து, வீணைத் தந்தியைத் தட்டிவிட்டது போல அதிர்ந்துகொண்டிருந்தது. ஏணியின் மேல் படி. கீழே சிமெண்ட்டுத் தரை. நான் சொன்னால் இறக்குவான். மறுபடியும் சொன்னால் மறுபடியும் ஏற்றுவான். விழும்வரை ஏற்றுவான். அவனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. என்னிடம் இல்லாத ஒன்றுக்காக அவன் தாங்கிக்கொண்டிருக்கிறான்.

"இல்ல தாசு. நேராத்தான் இருக்கு. முதல்லயே நேராத்தான் இருந்துச்சு" என்றேன். கனைத்துக்கொண்டேன். "எனக்குப் பேரு வரமாட்டேங்கு. காலையிலேர்ந்து தேடுதேன். வரமாட்டேங்கு."

நான் அவர்களைப் பார்க்கவில்லை, தரையில் சிந்திக் கிடந்த ஒரு சம்பங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ, சொல்லிவிட்டேன். இனி அவர்களுக்குத் தெரியும். நாளைக்கு ஊருக்குத் தெரியும். அண்ணனுடைய மில்லில் மாவு பறக்கிறது, எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. செண்பகாவின் செருப்புச் சத்தம் கேட்டது. வந்து என் பக்கத்தில், நான் நிற்கிற இடத்திலேயே, தோளோடு தோள் படும்படி நின்றாள். அவளும் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூப்பிட்டாள். என்னைப் போல இழுத்துக் கூப்பிடவில்லை, வேலை ஏவுகிற குரல் அவளுக்கு.

"நடுநாயகம்!"

கையிலிருந்ததை எல்லோரும் விட்டார்கள். எல்லோரும் பார்த்தார்கள். மரியதாஸ் அதன் மேலிருந்து கையை எடுத்தான், எடுத்த கையை உதறிக்கொண்டான். ஒரு மூச்சு நேரம் அமைதி. அது முடிந்ததும் முதல் சரம் மேலே போகத் தொடங்கிவிட்டது. மீரான், "அந்த ஒயரைத் தூக்கிப் பிடி, மேல மிதிக்காத" என்று யாரையோ திட்டினான். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. நடுநாயகம். இவ்வளவுதானா? நடுவில் நடுவில் என்று காலையிலிருந்து பாதியைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன், மிச்சப் பாதி பக்கத்திலேயே நின்றிருக்கிறது. நகம், நரி, நண்டு, நடு. ஒரு எழுத்துத் தள்ளி. இப்போது வந்துவிட்டது. வந்ததில் சந்தோஷம் வரவில்லை. வெகுநாள் காணாமல் போன ஆள் திரும்பி வந்தால் முதலில் சந்தேகமாகத்தான் பார்ப்போம், இவன் மறுபடியும் எப்போது கிளம்புவான் என்று.

"நாளைக்குக் காலைல போறோம்" என்றாள் செண்பகா, மேடையைப் பார்த்தபடியே. எங்கே என்று நான் கேட்கவில்லை. "ம்" என்றேன். "கடைய மீரான் பாத்துக்கிடட்டும். நானும் வாரேன்." "உனக்கு எதுக்கு அலைச்சல்?" "ஆமா, அலைச்சல்தான். நீங்க வண்ணார்பேட்டையில திரும்பாம நேரா நாகர்கோவில் போயிட்டீங்கன்னா, அது அதவிட அலைச்சல்." சிரிப்பு வந்தது. எனக்கு முதலில், பிறகு அவளுக்கு. அவள் கண்ணைத் துடைத்தாளா, தூசியைத் துடைத்தாளா தெரியவில்லை. ஜெர்பரா வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வாய்க்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இருந்தது. ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் சொன்னேன். இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன், வாத்தியார் ஆஜர் கூப்பிடுவது மாதிரி. ஏணி. இருக்கிறது. கொக்கி. சரம். தூக்குக்குண்டு. சுத்தியல், அதோ, மேடை ஓரத்தில், சாதுவாகப் படுத்திருக்கிறது. மரியதாஸ், இறங்கி வந்து பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறான். மீரான். சம்பங்கி. எல்லாம் ஆஜர். ஆனால் ஆஜர் கூப்பிடும்போது இருப்பவைதான் பதில் சொல்லும், போனவற்றை எதை வைத்துக் கூப்பிடுவது? தெய்வானை துண்டைப் பிழிகிறாள். பிழிந்த தண்ணீர் பித்தளைக் கிண்ணத்தில் விழுகிற சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள், மண்டபம் ஒரு கணம் மஞ்சளாகி அணைந்தது, மறுபடியும் எரிந்தது. வாசல் பக்கமிருந்து, கண்கூசும் வெளிச்சத்துக்குள்ளிருந்து, ஒரு உருவம் என்னைப் பார்த்து நடந்து வருகிறது. கையில் டீ டம்ளர். முகம் தெரியவில்லை. பெண்பிள்ளை. நடை தெரிகிறது, வலது காலை லேசாக அகட்டி வைக்கிற நடை. துப்பட்டா இடுப்பில் செருகியிருக்கிறது. நல்ல பிள்ளையா இருக்கு. இந்தப் பிள்ளை. இந்தப் பிள்ளை யாரு? நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கால் தானாகப் போய் மேடைக்கு எதிரே அந்த இடத்தில் நின்றது. நெஞ்சில் மூச்சு நிறைந்தது. தும்மல் மாதிரி வந்தது.

"செண்பகா!"

மண்டபம் அதிர்ந்தது. தோளில் கிடந்த சரத்தை ஒருவன் கீழே விட்டான். மீரான் விளக்குச் சுருளை விட்டான். மரியதாஸ் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பினான். அந்த இடத்திலிருந்து அந்தக் குரல் கேட்டால் கையிலிருப்பதை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். பழக்கம். எல்லோரும் பார்த்தார்கள். மண்டபத்தின் மத்தியில், எரிகிற விளக்கு எல்லாவற்றுக்கும் கீழே, டம்ளரும் கையுமாக அவள் நின்றுவிட்டாள். ஒரு மூச்சு நேரம் ஒருவரும் பேசவில்லை.

"என்னப்பா? எதுக்கு இப்படிக் கத்துதீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல தாயி" என்றேன். "டீயக் குடு."